ஆப்பிள் அறையில் நாற்பத்தைந்து நாள்

போர்ட் கிள்ளான் குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கும் கமலநாதனுக்கு 2004ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இருபத்தொரு வயது முடிந்தது. அதற்குப் பிறகு வயது ஏறவில்லை. அதே வாரம் நெத்திலி விலை ஏறியதால் வட்டாரத்தில் அதைப் பற்றித்தான் பேச்சாக இருந்தது. பிறந்தநாள் ஆண்டுதோறும் தவறாமல் வந்தது, கேக் வெட்டினார்கள், மெழுகுவர்த்திகளின் எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போனது. முகம் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. உதட்டுக்கு மேல் பென்சிலால் கோடு போட்டுப் பாதியில் அழித்தது போல ஒரு மீசை. கன்னத்தில் ஒரு பரு, அது இருபது ஆண்டுகளாகப் பழுக்கவும் இல்லை, அமுங்கவும் இல்லை. சாலைத் தடுப்பில் நிறுத்தும் போலீஸ்காரர்கள் அவருடைய அடையாள அட்டையான ஐசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்பாவின் அட்டையை ஏன் எடுத்து வந்தாய் என்று கேட்பார்கள். கிடங்குக்குப் புதிதாக வரும் லோரி ஓட்டுநர்கள் அவரை ‘தம்பி’ என்பார்கள், பத்து வருடம் பழகியவர்கள் ‘அண்ணே’ என்பார்கள். அவன் என்று எழுதுவதா, அவர் என்று எழுதுவதா என்பதில் போர்ட் கிள்ளானில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. ஐசிக்கு மரியாதை கொடுத்து இங்கே அவர் என்றே எழுதியிருக்கிறது.

அம்மா வள்ளியம்மாவுக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. இருபத்தொரு வயதுப் பிள்ளையோடு கோயிலுக்கு வரும் பெண்ணுக்கு மிஞ்சிப்போனால் நாற்பத்தைந்து இருக்கும் என்று பார்ப்பவர்கள் கணக்குப் போட்டார்கள். அறுபத்தேழு வயதில் அந்தக் கணக்கைத் திருத்த அவருக்கு மனசு வரவில்லை. பாவம், பூச்சோங்கில் கட்டிக்கொடுத்த மகள் உஷாராணிதான். அண்ணனை விட மூன்று வயது இளையவர், இருபத்து மூன்றில் கல்யாணம், மூன்று பிள்ளைகள், முப்பதில் நரை. அண்ணனும் தங்கையும் சேர்ந்து கடைக்குப் போனால், மகன் காலேஜ் முடித்துவிட்டானா என்று தங்கையிடம் கேட்டார்கள். உஷாராணி அண்ணனோடு கடைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். விசேஷங்களில் படம் எடுக்கும்போதும் அவர் அண்ணனுக்கு இரண்டு ஆள் தள்ளியே நிற்பார்.

கமலநாதனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் லோகேஸ்வரி, பிரிக்பீல்ட்ஸ்காரர், அவருக்குச் சம வயது. கிள்ளானில் தானியங்களையும் விதைகளையும் பரிசோதிக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. 2006இல் கொமுட்டர் ரயிலில் தினமும் எதிரெதிரே உட்கார்ந்து பழக்கமாகி, 2008இல் பெரியவர்கள் கூடிப் பரிசம் போட்டு மோதிரமும் மாற்றினார்கள். லோகேஸ்வரியின் அப்பா ராதாகிருஷ்ணன் ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர், பெரிய மீசைக்காரர். பையனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மீசை ஒழுங்காக வளரட்டும், அப்புறம் தேதி குறிக்கலாம் என்றார். ஆறு மாதத்தில் முடிகிற காரியம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பதினாறு வருடம் ஆனது. இதற்கிடையே கமலநாதன் விளக்கெண்ணெய் தடவிப் பார்த்தார், கரடிக் கொழுப்பு என்று சொல்லி விற்ற ஏதோ ஒன்றையும் தடவிப் பார்த்தார். லோகேஸ்வரி தேடி வந்த நான்கு வரன்களைத் திருப்பி அனுப்பினார். இரண்டு பேருக்கும் சேர்த்து அவர் ஒருவருக்கே வயதாகிக்கொண்டிருந்தது.

2024 ஜனவரியில், பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, பிரிக்பீல்ட்ஸில் வழக்கமாகப் போகும் வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பரிமாறுபவர் இலை போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டு, “ஆன்டி, மகனுக்குக் கோழியா, மீனா?” என்றார். லோகேஸ்வரி சிரித்தார். மீன் என்று சொன்னார், ரசம் வாங்கிச் சாப்பிட்டார், இலையை மடித்தார், கை கழுவினார். கமலநாதனை வழியனுப்ப ரயில் நிலையத்துக்கு வந்த பிறகுதான் நடைமேடையில் நின்று அழுதார். அவமானத்தால் வந்த அழுகை இல்லை அது, களைப்பு.

“ஆடி முடியறவரைக்கும் பாக்கறேன், நாதன். அதுக்குள்ள ஒரு வழி பொறக்கலேன்னா மோதிரத்தைக் கழட்டிக் குடுத்துடுவேன். கோவத்துல சொல்லல லா. எனக்கு முடியல,” என்றார்.

கமலநாதன் ஏறியதும் ரயில் கதவு மூடிக்கொண்டது. கிள்ளான் வரை அவர் நின்றுகொண்டே போனார். உட்கார இடம் இருந்தது, ஆனால் தோன்றவில்லை.

ஆய்வுக்கூடத்தில் அந்த மாதம் ஒரு சிறிய கலவரம் நடந்துகொண்டிருந்தது. பனி விழும் நாடு ஒன்றிலிருந்து வந்த கோதுமையை முளைக்க வைத்து, பாதித் தட்டுகளைக் குளிர்பெட்டிகளில் நாற்பத்தைந்து நாள் வைத்து எடுக்க வேண்டும், மீதியை வெளியிலேயே வளர்க்க வேண்டும். நவம்பரில் தொடங்கிய வேலை. இருபதாவது நாளில், தரையைத் துடைத்து மெருகேற்றும் இயந்திரத்தைச் செருக இடம் வேண்டுமென்று துப்புரவு வேலைக்காரர் ஒரு பெட்டியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு வாரக் கடைசி விடுமுறைக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை திறந்தபோது பெட்டிக்குள் கிள்ளானின் வெயில் இருந்தது. திரும்பக் குளிர வைத்து மீதி இருபத்தைந்து நாளையும் பூர்த்தி செய்தார்கள். ஜனவரிக் கடைசியில் பார்த்தால், குளிர் தடைபடாத தட்டுகளெல்லாம் தண்டு நிமிர்ந்து கதிருக்கு ஆயத்தமாகியிருந்தன. வெளியிலேயே வளர்ந்ததும், நடுவில் சூடு பட்டதும் வெறும் புல்லாக நின்றன. வாடவில்லை, முதிரவில்லை, பச்சைப் பசேலென்று, எதற்கோ காத்திருப்பது போல நின்றன. லோகேஸ்வரி அந்தத் தட்டுகளின் முன்னால் வெகுநேரம் நின்றார். இந்த முகத்தை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று அவருக்குத் தோன்றியது.

விஷயம் அவருக்குத் தெரியாததல்ல, பதினேழு வருடமாக அதுதான் வேலை. குளிர்நாட்டுக் கோதுமைக்குள் ஒரு மரபணு பூக்க விடாமல் கதவைச் சாத்தி வைத்திருக்கிறது. பனிக்காலத்துக்கு முன்னால் அவசரப்பட்டுப் பூத்துவிட்டால் பூவெல்லாம் உறைந்துபோய் வம்சமே அற்றுவிடும். குளிர் நாள் கணக்கில் நீடித்த பிறகு இன்னொரு மரபணு மெல்ல விழித்து அந்தக் கதவைத் திறக்கிறது. பகலின் நீளத்தைப் பார்த்து வேகம் கூட்டுவதற்கு மூன்றாவதாக ஒன்று உண்டு. மனிதர்கள் தானியத்தைத் தூக்கிக்கொண்டு வெப்ப நாடுகளுக்குப் போனபோது, கதவு பழுதாகிப் போன செடிகள்தான் அங்கே பிழைத்தன, அவற்றையே விதைத்தார்கள். நெல்லுக்குக் குளிர் தேவையே இல்லை. அது பகல் குறைவதைப் பார்த்துப் பூத்தது, பிறகு அந்தக் கணக்கையும் மறந்த நெல்லாகத் தேர்ந்தெடுத்து வருடத்துக்கு இரண்டு போகம் எடுத்தார்கள். வருடம் முழுக்கப் பகல் பன்னிரண்டு மணி நேரமும், குளிர் என்பது பேரங்காடிக்குள் மட்டும் கிடைக்கிற பொருளுமாக இருக்கும் ஊரில், குளிர்நாட்டுக் கோதுமை எதைப் பார்த்துப் பூக்கும்?

லோகேஸ்வரி அன்று மாலையே வள்ளியம்மாவைப் போய்ப் பார்த்து, கமலநாதனைச் சுமந்தபோது என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். வள்ளியம்மா கொஞ்சம் வெட்கப்பட்டுவிட்டுச் சொன்னார். மசக்கையில் அவருக்குச் சோறு பிடிக்கவில்லை, பச்சைத் தானியத்தை மெல்லத்தான் ஆசை. கணவர் விஜயன் அப்போது துறைமுகத்திலிருந்து மாவு ஆலைக்குக் கோதுமை ஏற்றிக்கொண்டிருந்தார். லோரியின் அடித்தட்டில் சிதறிக் கிடப்பதைக் கூட்டி தினமும் ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து தருவார். ஏதோ பனி நாட்டுக் கப்பல் என்று சொன்னதாக ஞாபகம். மூன்று வருடம் கழித்து உஷாராணி வயிற்றில் இருந்தபோது லோரி நெல் விளையும் தஞ்சோங் காராங் பக்கம் ஓடியது, அரிசி வந்தது, அதை மென்றார். மரபணு அப்படியெல்லாம் வயிற்றுக்குள் இடம் மாறாது என்பது லோகேஸ்வரிக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் கைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, தேதி போட்டு, கமலநாதன் கோதுமை, உஷாராணி நெல் என்று எழுதிக்கொண்டார்.

ஒன்றுதான் இடித்தது. கமலநாதன் பதினெட்டு வருடமாகக் குளிர்பதனக் கிடங்கில்தான் வேலை செய்கிறார், குளிருக்கு என்ன குறை? விசாரித்ததில் இரண்டு விஷயம் வெளிவந்தது. அவர் இருந்தது உறைமீன் அறை, பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. அவ்வளவு குளிரில் கோதுமை எதையும் எண்ணுவதில்லை, விறைத்துப்போய்ச் சும்மா கிடக்கிறது. நான்கைந்து டிகிரிதான் அதற்குக் கணக்கு. இரண்டாவது விஷயம் தேநீர். கிடங்கின் வாசலில் அம்மார் என்பவரின் தேநீர்க் கடை இருந்தது. கமலநாதன் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வெளியே வந்து, முப்பத்து நான்கு டிகிரி வெயிலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, ஆவி பறக்க ஒரு தே தாரிக் குடிப்பார். கொஞ்ச நஞ்சம் சேர்ந்த குளிரையும் அது கழுவிவிடும். பதினெட்டு வருடத்தில் ஏறக்குறைய பதினெட்டாயிரம் தே தாரிக். அந்தக் கணக்கை லோகேஸ்வரி சொன்னபோது அம்மாருக்கு முகம் சுண்டிப்போனது. தன் கைத்தேநீரால் ஒரு குடும்பம் நின்றுபோனதா என்று அன்று முழுக்கப் புலம்பினார்.

கிடங்கில் ஆப்பிளும் பேரிக்காயும் வைக்கும் அறை நான்கு டிகிரியில் இருந்தது. நாற்பத்தைந்து நாள் அதற்குள்ளேயே தங்குவதற்காகக் கமலநாதன் சேர்த்து வைத்த விடுப்பையெல்லாம் கேட்டார். மேலாளர் கோரிக்கையை இரண்டு முறை படித்துவிட்டு, ஆப்பிள்கள் புகார் செய்யாத வரையில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். உள்ளே போவதற்கு முன் லோகேஸ்வரி ஒன்றை மட்டும் மறைக்காமல் சொன்னார்.

“கதிர் விட்ட கோதுமை அப்புறம் காயத்தான் செய்யும், நாதன். மறுபடி பச்சையாக முடியாது. எங்க போய் நிக்கும்னு எனக்கே தெரியல. நல்லா யோசிச்சுக்க.”

“இருபது வருஷம் பச்சையா இருந்து என்னத்தக் கண்டேன்? உன் கூடச் சேந்து வயசாகணும். அவ்வளவுதான் லோகேஸ்,” என்றார் கமலநாதன்.

மார்ச் முதல் தேதி உள்ளே போனார். மூன்று சட்டை, இரண்டு கம்பளி, மரப்பலகையின் மேல் மெத்தை. சோறு ஆறிப்போய் வந்தது. பத்து நாளில் நோன்பு தொடங்கிவிடவே அம்மாருக்கும் பகலில் ஒன்றும் கிடையாது. கதவின் சிறு கண்ணாடி வழியாக இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து ஆறுதல் பட்டுக்கொண்டார்கள். இப்படி ஒன்றாக விரதம் இருந்ததில்தான் விபத்து நேர்ந்தது. ஏப்ரல் பத்தாம் தேதி நோன்புப் பெருநாள், அம்மார் வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு. முதல் தட்டு உங்களுக்குத்தான் அண்ணே என்று அம்மார் சொல்லி அனுப்பியிருந்தார். அவருக்கு நோன்பு முடிந்துவிட்டதால் தனக்கும் முடிந்துவிட்டது என்று கமலநாதனுக்கு எப்படியோ தோன்றிவிட்டது. பெருநாள் அழைப்பை மறுத்தால் மனசு நோகுமே என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. நாற்பத்தோராவது நாள் காலை குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு போய், கூடாரத்தின் கீழே வியர்க்க வியர்க்க ரெண்டாங் கறியும் பிரியாணியும் சாப்பிட்டு, தே தாரிக் இரண்டு குடித்து, படங்களுக்கு நின்று, மாலையில் ஆப்பிள் அறைக்குத் திரும்பினார். அந்தப் படங்களைக் கைப்பேசியில் பார்த்துத்தான் லோகேஸ்வரிக்கு விஷயம் தெரிந்தது. நான்கு நாள்தான் பாக்கி இருந்தது. அவர் திட்டவில்லை. மறுநாள் வந்து, ஆடிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது அவர் விரலில் மோதிரம் இல்லாததைக் கமலநாதன் கவனித்தார். அது கைப்பையில் பத்திரமாக இருந்தது என்பது பிறகு தெரிந்தது, ஆனால் அன்று அவருக்கு அது தெரியாது.

ஜூன் முதல் தேதி சம்பளமில்லா விடுப்பில் மறுபடி உள்ளே போனபோது அவர் யாருடைய விசேஷத்துக்கும் வருவதாக ஒப்புக்கொள்ளவில்லை. பூச்சோங்கில் தங்கை மகளின் பிறந்தநாள் போனது, ஒரு நெருங்கிய கல்யாணம் போனது, மேலாளர் வீட்டுப் புதுமனை விருந்தும் போனது. இவருக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று உறவில் பேசிக்கொண்டார்கள். முப்பத்தொன்றாவது நாள் மனசு கேட்காமல் அம்மார் ஒரு குடுவையில் சுடச்சுடத் தே தாரிக் கொண்டுவந்து, ஒரு வாயிலே என்ன கெட்டுவிடப் போகிறது என்று கதவிடுக்கில் நீட்டினார். கமலநாதன் அதைக் கோப்பையில் ஊற்றி எட்ட ஓர் ஆப்பிள் பெட்டியின் மேல் வைத்தார். ஆவி எழும்பி, மெலிந்து, நின்றுபோகும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே ஆடை கட்டிக் கோப்பை சில்லிட்ட பிறகு எடுத்துக் குடித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்த அம்மார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போய், அன்று முழுக்க எல்லாருக்கும் சர்க்கரையை மறந்து கலக்கிக் கொடுத்தார்.

ஜூலை பதினாறாம் தேதி, ஆடி பிறக்கிற நேரத்தில், கமலநாதன் வெளியே வந்தார். ஆடியில் எப்படியும் கல்யாணம் கிடையாது, முதிர்வதற்கு வசதியான மாதம். முதல் நாளே கன்னத்துப் பரு பழுத்து உதிர்ந்தது. நாளுக்கு ஒரு வயது வீதம் ஏறத் தொடங்கியது. நான்காவது நாள் மீசை கறுத்துத் தடித்தது, எட்டாவது நாள் கன்னம் சற்றுத் தொங்கியது, பதினொன்றாவது நாள் பேன்ட் இடுப்பில் மூடவில்லை, பதினாறாவது நாள் கடிதம் படிக்கக் கையை நீட்ட வேண்டியிருந்தது. வள்ளியம்மா தன் பங்குக்கு ஓர் இழவு போலத்தான் அதைப் பார்த்தார். கோயிலில் அவர் வயதை ஊர் சரியாகக் கணக்கிட ஆரம்பித்துவிட்டது. லோகேஸ்வரி தினமும் வேலைக்குப் போகும் வழியில் வந்து வாசலில் நின்று முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். இருபதாவது நாள் சரியாக நாற்பத்தொன்று. அன்று ராத்திரி லோகேஸ்வரி பிரிக்பீல்ட்ஸுக்குப் போகவில்லை, வள்ளியம்மாவின் பக்கத்தில் படுத்து விழித்தே கிடந்தார். இருபத்தொன்றாவது நாள் காதோரம் நரைத்தது. இருபத்திரண்டில் மீசையின் ஓரங்கள் வெளுத்தன. இருபத்து மூன்றில் நெற்றி ஒரு விரல்கடை ஏறியது. காய்ந்து உதிரும் வரை நிற்காதோ என்று லோகேஸ்வரி பயந்தார். தன் அவசரம்தான் இவரைத் தீர்த்துவிட்டது என்று சமையலறையில் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். கமலநாதன் அவருக்கு ஒரு கோப்பை தண்ணீர் கொடுத்துவிட்டு, வருவது வரட்டும் என்று அம்மார் கடைக்கு நடந்துபோய், ஏறக்குறைய பத்து வாரத்துக்குப் பிறகு முதல் முறையாக ஆவி பறக்கும் தே தாரிக் ஒன்று குடித்தார்.

இருபத்து நான்காவது நாள் முகம் அப்படியே இருந்தது. இருபத்தைந்தாவது நாளும் அப்படியே. கிள்ளானில் பகல் நீள்வதில்லை, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இல்லாத ஊரில் மூன்றாவது மரபணுவால் அதற்கு மேல் வேகம் கூட்ட முடியவில்லை என்பது லோகேஸ்வரியின் விளக்கம். தன் தேநீர்தான் நிறுத்தியது என்பது அம்மாரின் விளக்கம். பதினெட்டு வருடம் நிறுத்தி வைத்ததற்கு இப்போது ஒரு முறை நிறுத்தியது ஈடாகிவிட்டது என்று அவர் நிம்மதியாக இருக்கிறார். ஆப்பிளோடு வைத்த வாழைக்காய் பழுக்காமல் என்ன செய்யும், வெளியே எடுத்தால் நிற்காமல் என்ன செய்யும் என்பது வள்ளியம்மாவின் விளக்கம். மூன்றில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல ஆய்வுக்கூடத்தில் கருவி இல்லை. அதற்குப் பிறகு கமலநாதனுக்கு எல்லாரையும் போல வருடத்துக்கு ஒரு வயதுதான் ஏறுகிறது.

ஆவணி பிறந்த இரண்டாவது வாரம் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையின் மீசையைப் பார்த்த ராதாகிருஷ்ணன், என் மீசையை விட வெள்ளையாக இருக்கிறதே என்று குறைபட்டுக்கொண்டார். லோகேஸ்வரி திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் அட்சதையை எடுத்துக்கொண்டார். படம் எடுக்கும்போது உஷாராணி முதல் முறையாக அண்ணனை ஒட்டி நின்றார். ஐசியில் இருந்த படம் முகத்தோடு பொருந்தாததால் கமலநாதன் புது அட்டைக்கு எழுதிப் போட வேண்டியிருந்தது, அதை எழுதும்போது அவர் விசில் அடித்ததாகச் சொல்கிறார்கள். உறவினர் ஒருவர் அடுத்த ஆண்டு ஜூன் மாத லண்டன் பயணத்தைப் பரிசாகத் தருவதாகச் சொன்னார். அங்கே ஜூனில் பகல் பதினாறு மணி நேரம் என்று தெரிந்ததும் லோகேஸ்வரி நன்றி சொல்லி மறுத்துவிட்டார். இருவரும் போர்ட் டிக்சனில் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தார்கள்.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் அதே கடையில் சாப்பிடப் போனார்கள். அதே பரிமாறுபவர்தான் வந்தார், இருவரையும் அடையாளம் தெரியவில்லை. இலை போட்டு, தண்ணீர் தெளித்து, கமலநாதனைப் பார்த்துக் கேட்டார்.

“அங்கிள், அக்காவுக்குக் கோழியா, மீனா?”

கமலநாதன் வாயைத் திறப்பதற்குள் லோகேஸ்வரி மீன் என்றார், பிறகு நண்டும் வேண்டும் என்றார். அன்று அவர் இரண்டு முறை பாயசம் வாங்கிச் சாப்பிட்டார்.